தனபாலுக்கு ஆறு விழவில்லை

ஈரோட்டுப் பக்கம், லூடோவில் காய் வெட்டுப்பட்டவர்கள் தாங்கள் பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆறு விழுந்த பிறகுதான் அங்கிருந்து கிளம்பலாம். வத்சலாவின் கணவர் தனபால் புரட்டாசியில் வெட்டுப்பட்டுத் தாராபுரம் போனவர், ஆங்கிலப் புத்தாண்டு பிறந்தும் திரும்பவில்லை.

வெட்டியவள் வத்சலாதான். அதில் இருவருக்கும் மனவருத்தம் ஒன்றும் இல்லை. தனபாலின் பச்சைக் காய் பலகையைச் சுற்றி முடித்து வீட்டுக்குள் நுழையப்போகிற நேரத்தில், அவளுடைய சிவப்புக் காய் பின்னாலேயே வந்து சேர்ந்தது. அவர் தன் காய் இருந்த கட்டத்தில் சிவப்பு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். பிறகு எழுந்து இரண்டு வேட்டி, பல் துலக்கும் பிரஷ், பகடை எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்தார். வத்சலா ஒரு டப்பாவில் கறிவேப்பிலைப் பொடி போட்டுக் கொடுத்தாள்.

"ரெண்டு மூணு நாள்ல விழுந்துரும்" என்றார்.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணுங்க."

தாராபுரம் வீட்டை அவருடைய அண்ணன்தம்பிகள் என்றைக்கோ விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிற ஒரு குடும்பம். வெட்டுப்பட்டு வந்திருக்கிறேன் என்று இவர் வாசலில் நின்று சொன்னதும் உள்ளே கூப்பிட்டு, முன்னறையில் பாயைப் போட்டுக் கொடுத்தார்களாம்.

அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு போன் வரும்.

"இன்னிக்கு என்னங்க விழுந்துச்சு?"

"மூணு."

"பரவால்லீங்க. நாளைக்கு விழும்."

மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் ஐந்து. ஐந்து விழுந்த அன்று வத்சலாவுக்கே மனசு அடித்துக்கொண்டது, இத்தனை பக்கத்தில் வந்துவிட்டுப் போயிற்றே என்று. எண்ணைச் சொல்லி முடித்த பிறகும் அவர் போனை வைப்பதில்லை. இன்று என்ன சமையல், பல்வலி தேவலையா, பால்காரர் ஒழுங்காக வருகிறாரா என்று கேட்டுக்கொண்டே போவார். அவளும் அவள் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரியில் நடந்ததை எல்லாம் சொல்வாள். அங்கே அவள் கண்ணாடிக்கு அளவு பார்ப்பவள். ஒரு கண்ணாடியை மாட்டி, பிறகு இன்னொன்றை மாட்டி, "இது தெளிவா இருக்கா, முன்னது தெளிவா இருந்துச்சா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

புத்தாண்டு அன்று காலையில் மஸ்கட்டிலிருந்து மகள் பூங்கோதை கூப்பிட்டாள். அவள் கல்யாணமாகிப் போனபோது பரணில் விட்டுப்போன விளையாட்டுப் பெட்டிகளைத்தான் தனபாலும் வத்சலாவும் போன வருஷம் புரட்டாசிவரை ஆடியிருந்தார்கள். தனபால் நூற்பாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் அது. வீட்டில் மகளும் இல்லை, அவருக்குப் போக ஆபீசும் இல்லை. ஒருநாள் அவர் கேரம் பலகையைத் துடைத்துப் பவுடர் போட்டார். அவள் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"போன வருஷம் ஆடினதுல உனக்கு எது ரொம்பப் பிடிச்சுதும்மா?" என்று பூங்கோதை கேட்டாள்.

வத்சலா யோசித்தாள். கேரம் நன்றாகத்தான் இருந்தது. சிவப்புக் காயைப் போட்டுவிட்டு அடுத்த காயைப் போட முடியாமல் போனால் சிவப்பு நடுவுக்குத் திரும்பும். அப்போது மேற்கே இறங்கிக்கொண்டிருந்த சூரியனும் உச்சிக்கே திரும்பிவிடும். அந்த மாதங்களில் துணியெல்லாம் நன்றாகக் காய்ந்தது. பரமபதத்தில் அவளைப் பெரிய பாம்பு கடித்தபோது மூன்றாம் மாடியில் இருந்த அவர்கள் வீடு, அடுப்பில் கொதித்த ரசம் சிந்தாமல், தரைத்தளத்துக்கு இறங்கியது. ஒரு மாதம் கழித்து ஏணி கிடைத்து இரண்டாம் மாடிக்கு ஏறினார்கள். இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மாமரம் ஜன்னலுக்கு நேராக நிற்கிறது. ஊர்களை விலைக்கு வாங்கி விற்கிற டிரேட் ஆடியபோது தனபால் ஒரு துறைமுகத்தை வாங்கினார். அந்த வாரம் முழுக்கக் கப்பல் கேப்டன்கள் போன் செய்து, உள்ளே வரலாமா சார் என்று கேட்டபடி இருந்தார்கள். குளிக்கும்போதுகூடத் துண்டோடு ஓடி வந்து, "வாங்க வாங்க" என்று சொல்வார். மனுஷர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை.

"எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

"லூடோ?"

வத்சலா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்பாவுக்கு இன்னும் ஆறு விழலையாம்மா?"

"நேத்து மூணு."

"புரட்டாசியிலேருந்து தினம் போடறாரு. ஒரு மனுசனுக்கு ஒரு தடவைகூடவா ஆறு விழாது?"

போனை வைத்த பிறகு வத்சலா குளித்து, புடவை மாற்றி, தாராபுரம் பஸ்ஸில் ஏறினாள்.

கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதே, "வெட்டுப்பட்டவங்களப் பாக்கவா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். "எங்க மச்சானும் இப்படித்தான் உடுமலையில உக்காந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் போனார். வத்சலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகள் சொன்னதையே நினைத்தபடி வந்தாள். இரண்டாம் மாடியில் எதிர்வீட்டு டீச்சர் வெட்டுப்பட்டு மறுநாளே பள்ளிக்கூடம் போய்விட்டார். பால்காரர் ஒரே வாரத்தில் வந்துவிட்டார். இவருக்கு மட்டும் என்ன? அங்கே சாப்பாடு ருசியாக இருக்கிறதோ என்று நினைத்தாள். பிறகு, தன்னிடம் வரப் பிடிக்கவில்லையோ என்று நினைத்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேறெதையும் நினைக்க முடியவில்லை.

தாராபுரத்தில் அந்த வீட்டு வாசலில் மரகதம் என்ற பெண் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வீட்டுக்காரி அவள்தான். உள்ளே அவள் கணவர் செங்கோடன் ஒரு கிரைண்டரைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"ஈரோட்டு அம்மிணிங்களா? வாங்க வாங்க" என்றாள் மரகதம். "அவரு முன்னறையிலதான் இருக்காருங்க."

தனபால் பாயில் உட்கார்ந்து, ஒரு எவர்சில்வர் தட்டில் பகடையை வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"போடுங்க" என்றாள்.

"இப்பவா?"

"இப்பத்தான்."

அவர் பகடையை உருட்டினார். ஆறு விழுந்தது.

"இன்னொரு தடவ."

ஆறு.

மரகதம் கீரைத் தட்டோடு வந்து நிலைப்படியில் சாய்ந்தாள். "அவருக்கு எப்பவும் அதுதானுங்க விழும். நாங்களும் பாக்கறோமே" என்றாள்.

வத்சலா பகடையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லா எண்களும் அந்தந்த இடத்தில் இருந்தன.

"மொதல்ல எப்ப விழுந்துச்சு?"

"வந்து பையைக் கீழ வெக்கறதுக்குள்ள" என்றார் தனபால்.

"அப்ப மூணு, ரெண்டுன்னு சொன்னதெல்லாம்?"

அவர் தட்டின் விளிம்பைத் தடவினார். "மூணுன்னு சொன்னா நீ பரவால்லீங்கன்னு சொன்னே. அப்புறம் பல்வலியச் சொன்னே, ஆஸ்பத்திரியில அந்தக் கெழவர் ரெண்டு கண்ணாடியும் ஒண்ணாத்தான் தெரியுதுன்னு சண்ட போட்டதச் சொன்னே. கல்யாணமாகி இருபத்தெட்டு வருசம் ஆச்சு. கேஸ் தீந்துபோச்சு, கரண்ட் பில்லு வந்திருக்குன்னுதான நாம பேசியிருக்கோம். ஆறு விழுந்துருச்சுன்னு சொன்னா நீ சரி வாங்கன்னு போனை வெச்சிருவே."

"வந்து நேர்ல பேசறதுக்கென்ன?"

"நேர்ல எனக்கு வரமாட்டேங்குது, வத்சலா."

அவளுக்குக் கோபம் வந்தது. எத்தனை சாயங்காலம் போனை வைத்துவிட்டு ஒற்றையாகத் தட்டு போட்டுச் சாப்பிட்டிருக்கிறாள்! ராத்திரியில் அவர் பக்கத்துத் தலையணையைத் தட்டிச் சரிசெய்துவிட்டுத்தான் படுப்பாள். பஸ்ஸில் வரும்போது பட்ட பாடு வேறு. அதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தாள்; சொல்ல வரவில்லை. நேரில் தனக்கும் வருவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

செங்கோடன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வந்ததுக்கு ஒரு ஆட்டம் போடலாமுங்களே. சோறு வேக நேரமிருக்குது."

லூடோ பலகையை நடுவில் விரித்து நால்வரும் பாயில் உட்கார்ந்தார்கள். தனபால் வழக்கம்போலப் பச்சை, வத்சலா சிவப்பு, மரகதம் மஞ்சள், செங்கோடன் நீலம். வெளியே குக்கர் விசிலடித்தது. மரகதம் போய் அணைத்துவிட்டு வந்தாள். வத்சலாவின் காய்கள் ஒவ்வொன்றாக வீடு சேர்ந்தன. கடைசிக் காய் மட்டும் பலகையின் ஓரமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அதற்கு மூன்று கட்டம் பின்னால் தனபாலின் காய் நின்றது. தனபால் உருட்டினார். அன்றைக்கு முதல் தடவையாக அவருக்கு மூன்று விழுந்தது.

அவர் பகடையைப் பார்த்தார். பிறகு தூரத்தில் நின்ற தன்னுடைய வேறொரு காயின் மேல் விரலை வைத்தார்.

"அதையில்ல" என்றாள் வத்சலா. "வெட்டுங்க."

"வேண்டாம். வேற காய் இருக்கு."

"வெட்டுங்கங்கறேன். என்கிட்டயும் யாராவது பரவால்லன்னு சொல்லட்டும். எனக்கும் அது வேணும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பச்சைக் காயை எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாகத் தொட்டு, சிவப்புக் காய் இருந்த இடத்தில் வைத்தார். செங்கோடன் சிவப்பை எடுத்து வத்சலாவின் உள்ளங்கையில் கொடுத்தார்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். மரகதம் ஒரு பையில் முருங்கைக்காய் போட்டுக் கொடுத்து, "முன்னறை சும்மாதானுங்க இருக்கும், எப்ப வேணா வாங்க" என்றாள்.

வத்சலா பிறந்தது வீட்டில் அல்ல. தலைப்பிரசவத்துக்குத் திருப்பத்தூருக்குப் போய்க்கொண்டிருந்த அவளுடைய அம்மாவுக்கு ரயிலிலேயே வலி எடுத்துவிட்டது. அதனால் மறுநாள் காலை இருவரும் ஈரோடு ஜங்ஷனுக்குப் போய், மெட்ராஸ் போகும் அந்த ரயிலில் ஏறினார்கள். தனபால் துணைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டார். அவளுக்கு டிக்கெட் தேவைப்படவில்லை.

"பிறந்த வண்டியாம்மா?" என்று கேட்டார் டிக்கெட் பரிசோதகர்.

"ஆமாங்க."

"பெட்டியெல்லாம் மாத்திட்டாங்க. வண்டி இதேதான். ஜன்னல் பக்கம் உக்காந்துக்குங்க."

எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சங்ககிரி தாண்டும்வரை அவர் டிக்கெட்டை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் வெளியே தந்திக்கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தாள். சேலத்தில் அவர் இறங்கி இரண்டு டீ வாங்கி வந்தார். வண்டி நகர்ந்ததும் வத்சலா பகடையை எடுத்து, மடியில் ஒரு புத்தகத்தை வைத்து அதன்மேல் உருட்டினாள். ஐந்து விழுந்தது.

தனபால் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பரவால்ல" என்றார். பிறகு, "அந்தப் பல்லு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அவள் வாயைத் திறந்து எந்தப் பல் என்று காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார்.

வண்டி நான்கு ஸ்டேஷன்களை நிற்காமல் தாண்டி ஐந்தாவதில் நின்றது. பொம்மிடி என்று போட்டிருந்தது. சிலர் இறங்கிக் கைகால் நீட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்ஜின் டிரைவர் பிளாட்பாரத்தில் நடந்து வந்து, அவள் ஜன்னலருகே நின்று தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"ஒண்ணும் அவசரமில்லம்மா. நீங்க போட்டதும் சொல்லுங்க" என்றார்.

பின் இருக்கையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். கையில் ஒரு மாங்கன்று வைத்திருந்தார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். நான் இங்கேருந்து ரெண்டாவது ஸ்டேஷன், மொரப்பூர்ல எறங்கணும். ரெண்டு விழுந்தா எனக்குச் சரியா இருக்கும்."

"பாக்கறேங்க" என்றாள் வத்சலா.

தனபால் டீ டம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தார், அவள் உருட்ட இடம் வேண்டுமே என்று.