மருந்துச் சூடு இல்லை

மல்லாங்கிணற்றில் தம்பிக்கு ரெண்டாந்தாரமாகப் பெண் பார்க்கப் போக அக்கா முருகம்மாள் ஆட்டோவோடு வந்து நின்றபோது, தனுஷ்கோடி துண்டைச் சுருட்டி அடியில் கொடுத்து, காலை அகட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அடுப்படியில் அவன் மனைவி ஞானசுந்தரி சட்டி துலக்கும் சத்தம் கொஞ்சம் ஓங்கியே கேட்டது.

"எந்திரிலே. மூணு வருசமா பூக்காத மரத்துக்கு எம்புட்டுத் தண்ணி ஊத்துவ?" என்றாள் அக்கா.

கல்யாணமான வருஷமே அவனுக்கு விதை வீங்கிவிட்டது. பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்துகிறவனுக்கு எந்த நோவு வந்தாலும் மருந்துச் சூடு என்றுதான் பேர். அவனும் அப்படியே நம்பி வெல்லமும் வாழைப்பழமும் தின்றான், விளக்கெண்ணெய் தடவினான். வெளியே மூச்சு விடவில்லை. குறை தன்னிடம்தானோ என்று உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தும், இருக்கன்குடிக் கோயிலில் பிள்ளை வரம் கேட்டு ஈரச்சேலையோடு ஞானசுந்தரி உருண்டபோது பின்னாலேயே செம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

போன வாரம் வலி தாங்காமல் மதுரைக்குப் போனான். துளி சதை எடுத்துப் பார்த்திருந்த டாக்டர் சொன்னார்: "கிருமியும் இல்ல, சூடும் இல்லப்பா. நோயோட சண்டை போடுற உன் சொந்த அணுக்களே விதையப் பகைன்னு நெனச்சு அடிக்குது. ஒண்ணு ரத்தத்துல சேதி விடும்; அதக் கேட்டு நூறு வரும்; அந்த நூறும் சேதி விடும்." சரவெடியில் ஒரு திரி அடுத்ததைப் பற்றவைப்பது போல என்று தனுஷ்கோடிக்குச் சட்டென்று விளங்கியது. சேதியை அடக்க மாத்திரை உண்டு. பிள்ளை பிறக்குமா என்பதற்கு மட்டும் டாக்டர் கையை விரித்தார்.

இப்போது அவன் கட்டிலை விட்டெழுந்து வாசலுக்கு வந்தான். குழாயடியில் ஏழெட்டுப் பேர் குடத்தோடு நின்றார்கள்.

"யக்கா, குறை எங்கிட்ட. என் விதையில. அவ வயித்துல ஒண்ணுமில்ல."

"கத்தாதல! மருந்துச் சூடுன்னு சொல்லிக்கிடலாம். ஆம்பள பேசுற பேச்சா இது?"

"ஆம்பளதான் பேசுதேன். சூடு இல்ல. என் ரத்தமே என்னை அடிக்குது. எல்லாரும் கேட்டுக்கிடுங்க!"

குழாயடியில் ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். "சிரி தாயி. அவளப் பாத்து மட்டும் சிரிக்காத" என்றான்.

ஞானசுந்தரி சாம்பல் கையோடு வந்து நின்றாள். கண்ணில் நன்றி ஒன்றும் இல்லை.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"போன வாரம். சந்தேகம்... ரெண்டு வருசமா."

"ரெண்டு வருசம். நான் உருளையில முதுகுத்தோலு உரிஞ்சதே, பாத்துக்கிட்டுதான வந்தீக?"

அவள் கையைக் கழுவிவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

"எறங்குட்டி! நீ எங்க?" என்றாள் முருகம்மாள்.

"மல்லாங்கிணத்துக்குத்தான் மதினி. அந்தப் பிள்ளைகிட்ட இவுக வாயாலயே சொல்லட்டும். நாளைக்கு அவளும் உருளணுமா? ஏறுங்க."

முருகம்மாள் மல்லிகைப் பொட்டலத்தோடு ஓரத்தில் ஒடுங்கினாள். ஆட்டோ குதிக்கும்போதெல்லாம் தனுஷ்கோடி பல்லைக் கடிக்காமல் "யம்மா" என்று வாய்விட்டே கத்தினான். ஊர் நெருங்கியதும் தார்ச்சாலை முழுக்கச் சோளக்கதிர் பரப்பிக் கிடந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்தான்.

"மேலயே போ. மணி உதிர மிதிபடத்தான போட்டிருக்காக" என்றாள் ஞானசுந்தரி. சக்கரத்துக்கு அடியில் மணிகள் நொறுநொறுவென்று கழன்றன. உமி பறந்து மூன்று பேர் தலையிலும் படிந்தது.