புகை வராத கூரை

கணப்பில் கருவாலி விறகு பற்றிக்கொண்டதும் மீமூன், தேர்தலில் ஜெயித்தவனைப்போல இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். தூதா கைதட்டினாள். நான்கு வயது. அப்பா எது செய்தாலும் அவளுக்கு வித்தைதான்.

இஜ்ஜா சிரிக்கவில்லை. கண் எரிந்தது. பாதிப் புகை அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"மேல கூடு இருக்கு. மறந்துட்டியா?"

"ஓரமாத்தானே இருக்கு? பாதி வாய் திறந்துதான் கெடக்கு. கல்லு சூடேறட்டும், தானா இழுத்துக்கும்."

அஸ்ரூ மலையூரில் விடாத பனி. மலைப்பாதை மூடிக் கிடந்தது. கேஸ் லாரி வரவில்லை. ஹீட்டர் காலையிலேயே கடைசி மூச்சை விட்டிருந்தது. வேறு வழியில்லாமல்தான் இந்தக் கணப்பு. தூதா பிறந்த பிறகு இதை யாரும் மூட்டியதே இல்லை.

காரணம், புகைக்கூண்டின் மேல் வண்டிச் சக்கரம் அகலத்துக்கு உட்கார்ந்திருந்த செங்கால் நாரைக் கூடு. இஜ்ஜாவின் வயிற்றில் கரு எதுவுமே தங்காமல் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஜோடி நாரை வந்து அங்கே சுள்ளி அடுக்கியது. அடுத்த வசந்தத்தில் தூதா பிறந்தாள். மீமூனுக்கு அது போதும். நாரைக் கூட்டைக் கலைத்த வீடு விளங்காது என்று ஊரே நம்பியது. மீமூன் ஒரு குச்சியைக்கூடத் தொட விடவில்லை. பக்கத்து வீட்டு ஹத்தூ, இரும்புச் சட்டம் அடித்துக் கூட்டைப் பக்கவாட்டில் மாற்றித் தருகிறேன் என்று ஒரு தடவை சொன்னான். மீமூன் அவனோடு நோன்புப் பெருநாள் வரை பேசவில்லை. நாரைகளோ வருஷா வருஷம் கூட்டை அகலமாக்கிக்கொண்டே போயின.

கொஞ்ச நேரத்தில் கொழுந்து அடங்கித் தணலானது. புகை போய்விட்டது. அறை கதகதப்பாக, சுத்தமாக இருந்தது.

"பார்த்தியா? இழுத்துக்கிச்சு," என்றான் மீமூன். கதவிடுக்கில் அடைக்க ஒரு கம்பளியைச் சுருட்டினான்.

இஜ்ஜா ஆடுகளுக்கு வைக்கோல் போடக் கிளம்பினாள். தூதா சிணுங்கினாள். "தலை வலிக்குதும்மா."

"புகைதான் கண்ணு. கொஞ்சம் படு."

கொட்டகையில் அவள் வேலையை முடித்து நிமிர்ந்தபோது, சுவருக்கு அப்பால் ஹத்தூ பனியை வாரிக்கொண்டிருந்தான்.

"என்ன இஜ்ஜா, மீமூன் ராஜா தீ மூட்டுறேன்னு கடைத்தெரு பூரா தம்பட்டம் அடிச்சாரே. மூட்டுனாரா, இல்ல போர்வைக்குள்ள புகுந்துட்டாரா?"

"உள்ள தணல் ஜகஜ்ஜோதியா கெடக்கு. உனக்கென்ன பொறாமை?"

ஹத்தூ சிரிக்கவில்லை. மண்வெட்டியால் கூரையைக் காட்டினான்.

"அப்ப தணலோட நச்சுக்காத்து எங்க போகுது?"

இஜ்ஜா பார்த்தாள். தெருவில் எல்லாக் கூரையிலும் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு வானத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவள் கூரையில் இல்லை. கூட்டின் மேல் குவிந்த பனி சரிந்து, திறந்திருந்த மீதி வாயையும் மூடி, இறுகிக் கிடந்தது. ஒரு சொட்டுக்கூட உருகவில்லை. அதன் மேல் நாரை ஒற்றைக் காலில் நிம்மதியாக நின்றது.

தலை வலிக்குதும்மா.

அவள் ஓடினாள். முழங்கால் வரை பனி. விழுந்தாள், எழுந்தாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"மீமூன்! கதவத் தொற!"

கதவை அடித்தாள். மறுபடி அடித்தாள். எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல், வார்த்தை வார்த்தையாக வந்தது.

"சத்தம்... போடாத. புள்ள... தூங்குது."

பின்னாலேயே சுவரேறிக் குதித்து வந்த ஹத்தூவின் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கி ஜன்னலில் வீசினாள். கண்ணாடி உள்ளே கொட்டியது. ஹத்தூ தோளால் கதவை மோதினான். இரண்டாவது மோதலில் தாழ் தெறித்தது.

தூதா கணப்புக்கு முன்னால் சுருண்டு கிடந்தாள். கன்னங்கள் ஹமாமின் வெந்நீராவியில் குளித்து வந்தவள்போலச் சிவந்திருந்தன. தூக்கியபோது கழுத்து துவண்டு பின்னால் சாய்ந்தது. இஜ்ஜா அவளை அள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். ஹத்தூ மீமூனைக் கக்கத்தில் பிடித்து இழுத்து வந்து பனியில் போட்டான். அவன் மண்டியிட்டு வாந்தி எடுத்தான்.

"டிராக்டர எடுத்துட்டு வரேன். ஆஸ்பத்திரிக்குப் பாதை இருக்கோ இல்லையோ, போயிடலாம்," என்று ஹத்தூ ஓடினான். வாசலில் நின்று திரும்பினான். "வந்து முதல் வேலையா அந்தக் கூட்ட இடிக்கிறேன். அப்புறம் நீ எங்கூட சாகுற வரைக்கும் பேச வேணாம்டா!"

மீமூன் தலையை நிமிர்த்த முயன்றான். நாக்கு புரளவில்லை. "கூட்ட... ஒண்ணும் பண்ணிடாதீங்க. அவளக் கொண்டுவந்த பரக்கத்துடா அது..."

"அவ என் வயித்துலேருந்து வந்தா மீமூன்," என்றாள் இஜ்ஜா. கத்தவில்லை. "கூரையிலேருந்து வரல."

அவன் பனியைக் கையால் அளைந்தபடி, மகளிடம் ஊர்ந்து வரப் பார்த்தான்.

இஜ்ஜா தூதாவின் முகத்தைத் தன் முகத்தருகே ஏந்திக்கொண்டாள். தன் இளைப்பின் ஆவி வெள்ளை வெள்ளையாகக் கிளம்பி அந்தச் சின்ன உதடுகளை மறைத்தது. எது தன்னுடையது, எது மகளுடையது என்று தெரியவில்லை. உதட்டைக் கடித்துத் தன் மூச்சை அடக்கினாள்.

காற்று தெளிந்தது. ஒன்றுமில்லை. பிறகு தூதாவின் வாயோரத்தில், நூலளவுக்கு மெல்லிசாக ஒரு வெள்ளை எழுந்து கலைந்தது.

சுவருக்கு அப்பால் டிராக்டர் இருமி இருமிக் கிளம்ப மறுத்துக்கொண்டிருந்தது. இஜ்ஜாவின் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. அடுத்தது வரும்வரை அவள் மூச்சு விடுவதாக இல்லை.