கோட்டுப் பையில் வந்த தக்காளி

ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில் இரண்டு வாரமாகப் போராட்டம் நடந்தது. போராட்டத் தலைவருக்குத் தினமும் மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர், யாரை எதிர்த்துப் போராட்டமோ அந்த ஆராய்ச்சியாளரேதான். வேறு வழி? தலைவர் அவருடைய மச்சான். "எங்கண்ணா வெயில்ல பட்டினி கிடக்கணுமா?" என்று மனைவி கேட்டால் அதற்கு எந்த விஞ்ஞானத்திலும் பதில் கிடையாது.

மாப்பிள்ளை பல வருடம் மெனக்கெட்டு, மரபணுவை மாற்றி, ஒரு மாதமானாலும் அழுகாத தக்காளியை உண்டாக்கியிருந்தார். அதை வயலில் நட அனுமதிக்கலாமா என்று வெள்ளிக்கிழமை பொது விசாரணை. அனுமதி இல்லையென்றால் பட்ட பாடெல்லாம் அம்போ. மச்சானோ விதைக்கடை வைத்திருப்பவர். "உள்ள பூட்டி வெச்சது ஒருநாள் வெளிய வந்தே தீரும். வந்தா நம்ம விதையெல்லாம் கெட்டுச்சு" என்பது அவர் கட்சி. அவர் கையில் எப்போதும் ஒரு கண்டனப் பலகை. அவர் கை கழுவுகிற நேரத்தில் அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் மாப்பிள்ளைதான்.

அந்தத் தக்காளி வளரும் கண்ணாடிக் கூடத்தில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. கீழே விழுந்த பழம்கூட வெளியே போகக் கூடாது; பொறுக்கி எரித்துவிட வேண்டும். மாப்பிள்ளை பொறுக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார், கிளம்புகிறபோது எரிப்பார். திங்கட்கிழமை கிளம்புகிற நேரம் பார்த்து ஒரு ஃபோன் வந்தது. பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் மச்சானிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து தன் டப்பாவைத் திறக்கும்போது மனைவி ஃபோனில் கூப்பிட்டாள்.

"அண்ணாவுக்குத் தக்காளி பிடிச்சுதாங்க?"

"எந்தத் தக்காளி?"

"நீங்க வாங்கிட்டு வந்ததுதான். கோட்டைத் துவைக்கப் போட்டேன், பையில மூணு இருந்துது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல சொன்னதை ஞாபகம் வெச்சு வாங்கிட்டு வந்தது இதான் முதல் தடவை. உப்பு மிளகு தூவி அண்ணா டப்பாவுல வெச்சேன். மூணுதான் இருந்துது, உங்களுக்கு வைக்கலை. கோவிச்சுக்காதீங்க."

மாப்பிள்ளை டப்பாவை மூடக்கூட இல்லை. வாசலுக்கு ஓடினார். மச்சான் டப்பாவின் ஓரத்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இதுக்குப் பேருதான் தக்காளி. நீங்க உள்ள ஒண்ணு வளர்க்கிறீங்களே, அது இதுகிட்ட நிக்குமா?"

மாப்பிள்ளை பேயறைந்தவர் மாதிரி நின்றார். அந்தத் தக்காளியால் ஒரு கெடுதலும் வராது என்று எத்தனையோ மேடைகளில் அடித்துப் பேசியவர். எலிக்குக் கொடுத்தார், கோழிக்குக் கொடுத்தார். எல்லாம் நன்றாகக் கொழுத்தன. ஆனால் எலி அவர் மனைவிக்கு அண்ணன் இல்லையே. சாயங்காலம் ஃபோன் செய்தார். "மச்சான், உடம்பு எப்படி இருக்கு?" காலையில் மறுபடி. "தூங்கினீங்களா? வயிறு லேசா இருக்கா?"

மச்சான் நெகிழ்ந்துபோனார். "பெத்த பிள்ளைங்ககூட இப்படிக் கேட்டதில்ல மாப்ள" என்றார். ஃபோனை வைத்ததும் மாப்பிள்ளைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சாயங்காலம் இன்னொரு தடவை கூப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை விசாரணையில் மச்சான் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"ஒரே கேள்விதான். இந்தத் தக்காளியை உங்க வீட்டு ஆளுங்களுக்குப் போடுவீங்களா?"

கூடம் அதிரக் கைதட்டல். போடுவேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம், பொய்யும் இல்லை. ஆனால் மூன்றாவது வரிசையில் மனைவி அண்ணனைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்துக்கு எதிரே மழுப்ப அவருக்கு நா எழவில்லை.

"போட்டாச்சு மச்சான். செவ்வாய்க்கிழமை. நீங்கதான் சாப்பிட்டீங்க."

விசாரணைக் குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ பழம் வெளிய வந்திருக்கு?"

"என் கோட்டுப் பையில வந்துதுங்க."

அனுமதி ஒரு வருடம் தள்ளிப்போனது. "தக்காளிமேல எனக்குச் சந்தேகமில்ல, உங்க கோட்டுமேலதான்" என்றார் தலைவி. மச்சான் சொன்னபடியே உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது. அவர் கட்சி ஜெயித்தது. ஆனால் போராட்டத் தலைவரே டப்பாவை வழித்துச் சாப்பிட்டதும் ஊருக்கே தெரிந்துவிட்டதால், யாரும் அவரைத் தோளில் தூக்கவில்லை.

வாசலில் அவர் மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தார். தின்றதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தினமும் ஃபோன் பண்ணீங்களே. அது எனக்காக இல்ல, தக்காளிக்காகத்தானா?"

"பயமா இருந்துது மச்சான்."

"ஒரு கெடுதலும் இல்லன்னு சொன்ன ஆளுக்கு என்ன பயம்?"

மச்சான் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

மறுநாள் மனைவி ஒரே ஒரு டப்பாவைத்தான் கட்டினாள், அதுவும் முகம் கொடுத்துப் பேசாமல். சாயங்காலம் வரை மாப்பிள்ளை ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். கடைசியில் கூப்பிட்டேவிட்டார்.

"இப்ப எதுக்கு? அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே" என்றார் மச்சான்.

"சும்மாதான் மச்சான்."

அந்தப் பக்கம் கடையில் யாருக்கோ விதை அளந்து கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நல்லாத் தூங்கினேன். வயிறும் லேசாத்தான் இருக்கு" என்றார் மச்சான். பிறகு, "நாளைக்கும் கேளுங்க" என்றார்.