எல்ஸ்பெத் பார்த்த ஊர்

1

இந்தக் கதை எனக்கு நகராட்சி அலுவலகத்தின் பதிவுக் கவுன்டரில் கிடைத்தது. தேடிப் போகவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற முதியவர் ஹெர்மான் ஸ்டூக்கி பேசியது காதில் விழுந்தது. மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோகிறார். ஆகவே இங்கே ஒப்படைத்திருந்த சொந்த ஊர்ச் சான்றைத் திரும்ப வாங்கி அங்கே ஒப்படைக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் சொந்த ஊர் என்பது பிறந்த ஊரல்ல. தகப்பன் வழியே தாளில் இறங்கி வரும் ஊர்.

“சொந்த ஊர் ஹின்டர்லோ. சரிதானே, ஸ்டூக்கி ஐயா?” கவுன்டரில் இருந்த பெண் கேட்டாள்.

“தாள்ல அப்படித்தான் இருக்கு. நான் பார்த்ததில்ல.”

“நான் மட்டும் என்னோடதப் பார்த்தேனா? ஒரு சர்ச்சு, நாலு மாடு, அவ்வளவுதான்னு அப்பா சொல்வார். யாருங்க அங்கெல்லாம் போய்ப் பாக்குறாங்க?”

“என் அக்கா பார்த்தா.”

அந்தப் பெண் சிரித்தபடியே முத்திரை குத்தினாள். நான் என் வேலையை விட்டுவிட்டு அவர் பின்னால் வெளியே போனேன்.

(எழுதிக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார். “நடந்தத எழுதுங்க. ஏன்னு மட்டும் எழுதாதீங்க, அது எனக்கே தெரியாது” என்றார். எனக்கு அந்த ‘ஏன்’ தான் வேண்டியிருந்தது.)

2

முதல் தொடக்கம்: “மலைச்சரிவெங்கும் பனி படர்ந்திருந்த அந்த…”

வேண்டாம். பனியில் தொடங்கினால் நீங்கள் அழகைப் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள்.

இரண்டாவது: “நூற்பாலை மூடிய குளிர்காலத்தில், விதவை ரொசீனா ஸ்டூக்கி யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தாள்.”

இது இருக்கட்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. அன்று ஏழைக்குச் சோறு போடும் பொறுப்பு அவர் வாழும் ஊருக்கு இல்லை, தாளில் உள்ள ஊருக்கு. உதவி கேட்டால் வாழும் ஊர் தாளைப் புரட்டிப் பார்க்கும். பிறகு ஆளைத் தாளோடு ரயிலேற்றிவிடும். அங்கே தாய்க்கு ஏழைகள் விடுதி. பிள்ளைகளை, பராமரிப்புக்கு ஊரிடம் மிகக் குறைந்த பணம் கேட்கும் விவசாயி வேலைக்குக் கூட்டிப்போவான். ஹின்டர்லோ ரொசீனாவுக்குத் தாலியைப் போலக் கல்யாணத்தோடு [தவறு, அவள் தாலி கட்டியவள் அல்ல, என் கை பழக்கத்தில் எழுதிவிட்டது] கல்யாணத்தோடு வந்து சேர்ந்த ஊர். அவளும் பார்த்ததில்லை. செத்துப்போன கணவனும் பார்த்ததில்லை.

அதனால் கேட்கவில்லை. பிள்ளைகள் எல்ஸ்பெத், ஹெர்மான் இருவரையும் ஒரே படுக்கையில் கோட்டோடு படுக்க வைத்தாள்.

3

பக்கத்து வீட்டு காஸர் அம்மாவை முதலில் கெட்டவளாக எழுதினேன். மெல்லிய உதடு, சாவித்துவாரத்தில் கண். அவள் அந்த உருவத்தில் இரண்டு வரிகூட நிற்கவில்லை. அவள் நல்லவள். அவளுடைய தாளும் வீடும் ஒரே ஊரில் இருந்தன. அப்படிப்பட்டவர்களுக்கு அந்தத் தாள் வெறும் தாள்.

“உனக்கு ஒரு மூட்டை கரிக்குச் சொல்லிட்டு வந்திருக்கேன், ரொசீனா. வாயத் திறந்து கேட்டா முத்தா உதிர்ந்துடும்?”

“யார்கிட்ட சொன்னீங்க?”

“டவுன் ஆபீஸ்லதான். அங்க இருக்கிற குமாஸ்தா எவ்வளவு மரியாதையா பேசினார் தெரியுமா.”

“எந்த ஊர்க்காரங்கன்னு கேட்டாரா?”

“நான் எங்க சொன்னேன். அவரே உள்ள போய் உன் தாள எடுத்துப் பார்த்துட்டு வந்தார்.”

ரொசீனா அடுப்பருகே உட்கார்ந்தாள். காஸர் அம்மா இன்னும் கரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

4

டவுன் ஆபீஸ் எழுதிய கடிதத்துக்கு ஹின்டர்லோவிலிருந்து பதில் வந்தது: பணம் அனுப்ப இயலாது, ஆட்களை அனுப்புங்கள்.

காஸர் அம்மா அலுவலகத்துக்கு ஓடினாள்; கெஞ்சினாள். எந்த ஊருக்கும் செலவு வைக்காத பிள்ளை இங்கேயே இருக்கலாம் என்ற சலுகையோடு திரும்பினாள்.

“ஒண்ண நான் வச்சுக்கிறேன். என் தட்டுல இன்னும் ஒண்ணுக்குத்தான் இடமிருக்கு. ரெண்டுக்கு இருந்தா சொல்ல மாட்டேனா, ரொசீனா?”

“எந்தப் பிள்ளைய?”

“அத என் வாயால எப்படிடி சொல்வேன்?”

5

நடந்ததை மறைக்கப் போவதில்லை. ஹெர்மான் தங்கினார். எல்ஸ்பெத், ஒன்பது வயது, தாயோடு போனாள். ஒரு பண்ணையில் இரண்டாவது குளிர்காலத்தில் செத்தாள். அடக்கம் முடிந்த பிறகுதான் விடுதியிலிருந்த தாய்க்குத் தெரியும். அவளும் அங்கேயே முடிந்தாள்.

தெரியாதது, அவர்கள் கிளம்பிய காலையில் நடந்தது. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ. வேலை செய்யத் தெரிந்த பிள்ளைக்குப் பண்ணையில் சோறு கிடைக்கும், நாலு வயதுப் பையன் தாங்கமாட்டான் என்று தாய் கணக்குப் போட்டாள். (நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே பயமாக இருக்கிறது.)

ஆ. காஸர் அம்மாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. அவள் கண் ஹெர்மான் மேல் போனதைத் தாய் பார்த்துவிட்டாள்…

இ. “நான் வரேம்மா” என்று எல்ஸ்பெத்தே சொன்னாள். (எனக்கு மிகவும் பிடித்தது. எல்லோரையும் விடுவித்துவிடுகிறது. அடித்துவிட்டேன்.)

சாகக் கிடந்த காஸர் அம்மாவிடம் ஹெர்மான் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறார், யார் தேர்ந்தெடுத்தது என்று.

“நான் கரி கேக்கத்தான்டா போனேன்” என்றாளாம்.

6

ஆக, கதை அந்தச் சமையலறையிலேயே நிற்கிறது. ஊர்க்காவலர் கதவருகே, தாள் அவர் கையில். ஹெர்மான் காஸர் அம்மாவின் இடுப்பில். ரொசீனா முழங்காலிட்டு எல்ஸ்பெத்தின் கோட்டுக்குப் பொத்தான் போடுகிறாள். எல்ஸ்பெத் கேட்கிறாள்:

“தம்பி வரலையாம்மா?”

தாயின் பதிலுக்குக் கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன். என்னால் முடியவில்லை, நீங்கள் எழுதுங்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அதிக நேரமில்லை, மேல் பொத்தான் ஒன்றுதான் பாக்கி.

“……………………………………”