விலை சொன்னபோது கை எங்கே இருந்தது?

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது என் வீட்டு ஏசிக்குக் கீழே. தம்பி ஏணி மேல் நின்று ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏணிக்கு என் பிடி தேவையே இல்லை. ஆனால் ஏணி மேல் இருக்கும் ஆள் பேச்சை நடுவில் விட்டுவிட்டுப் போக முடியாது, அதனால் எனக்கு அந்த இடம் பிடிக்கும்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

"நான் எப்படா கத்தினேன்?"

"பாரு, இப்பவே ஆரம்பிச்சுட்ட."

அவன் ஏசி மெக்கானிக். எட்டாவது மாடியில் ஒரு வாடிக்கையாளர், ரொம்ப நாள் பழக்கம். அவரிடமிருந்து கிரிப்டோ காயின் வாங்கியிருக்கிறான். சொந்தமாக ஒரு வேன் எடுக்கச் சேர்த்துவைத்திருந்த பணம் முழுவதையும் கொடுத்து. கொஞ்ச மாதம் கழித்து, வாங்க ஒரு வேன் அமைந்ததும், காயினை விற்கப் போனான். காயின் வாங்கி விற்கும் கம்பெனி அவன் கணக்கை முடக்கிவிட்டது. அத்தனையும் திருட்டுக் காயினாம். விசாரணைக்கு வரச் சொல்லி அழைப்பும் வந்துவிட்டது. எட்டாவது மாடிக்காரர் வீட்டைக் காலி செய்துவிட்டார், போனை எடுப்பதில்லை.

அகப்பட்டவனுக்கு அஷ்டமத்தில் சனி, ஓடிப்போனவனுக்கு ஒன்பதில் குரு என்பார்களே, அதுதான்.

நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். கத்தி முடித்த கையோடு, "திருட்டுக் காயின்னு எப்படிடா கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டேன். தம்பிக்கு வேன் போகிறது, ஜெயில் பயம் வந்திருக்கிறது, எனக்கு வந்தது ஆர்வம். என் புத்தி அப்படி. நீங்களும் ஒன்றும் யோக்கியமில்லை, வாசகரே. எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பார்க்கத்தானே அடுத்த பகுதிக்கு வருகிறீர்கள்?

(மாடியை மாற்றியிருக்கிறேன், எட்டு இல்லை. ஏசியை மாற்றவில்லை. அவனுக்கு வேறு வேலை கொடுத்துப் பார்த்தேன், கதை நிற்கவில்லை. காரணம் கடைசியில் தெரியும்.)

2

தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

"பணம் என்பது ஒரு நம்பிக்கை. நம்பிக்கை என்பது" — விட்டுவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது.

"நான் ஒரு காயின். நான் பிறந்த இடம்" — கூடவே கூடாது. பள்ளிக்கூடத்தில் குடையின் சுயசரிதை, நாற்காலியின் சுயசரிதை எல்லாம் எழுதி மதிப்பெண் வாங்கியாகிவிட்டது.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், இந்தக் காயின் உண்மையிலேயே தன் சுயசரிதையைத் தூக்கிக்கொண்டுதான் அலைகிறது. கையில் இருக்கும் நோட்டு நேற்று யாரிடம் இருந்தது என்று அதற்குத் தெரியாது. காயின் அப்படியில்லை. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்குப் போனது என்ற வரலாறு முழுக்கப் பொதுவில் கிடக்கிறது. பார்க்கத் தெரிந்தவர் யாரும் பார்க்கலாம். ஆட்களின் பெயர் மட்டும் இருக்காது. பறிகொடுத்தவர் புகார் கொடுத்தார், அவருடைய காயின் போன வழியை அடையாளம் வைத்தார்கள், வழியின் கடைசியில் என் தம்பி நின்றான்.

"நீ வாங்குறப்பவே பாத்திருக்கலாம்ல?" என்றேன்.

"அப்படிப் பாக்கலாம்னே இப்பத்தானேக்கா தெரியும்!"

இந்த பதிலை நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். கதைக்கு இது போதாது என்று தோன்றியதுதான் வினை.

3

வக்கீலம்மாவுக்கு எதையும் நேராகச் சொல்லிப் பழக்கம். அவருடைய அறையில் இரண்டே நாற்காலி, ஒன்றில் கோப்புகள் உட்கார்ந்திருந்தன. தம்பி நின்றான், நான் உட்கார்ந்தேன். அக்கா என்றால் அவ்வளவு சலுகை உண்டு.

"திருடினவனுக்கே உரிமை இல்லாத பொருள், அவன்கிட்ட வாங்கினவருக்கு எப்படி உரிமையாகும்? ஊருக்கு ஊர் சட்டம் கொஞ்சம் மாறும். ஆனா பொருள் கைவிட்டுப் போகும்னு மனசத் தேத்திக்கிட்டா நல்லது" என்றார்.

தம்பியின் முகம் விழுந்துவிட்டது. "நான் காசு குடுத்துத்தானே மேடம் வாங்கினேன்?"

"அவரும் காசு குடுத்துத்தானே வாங்கியிருப்பார், பறிகுடுத்தவர்? சரி, அது நஷ்டம். நஷ்டத்தோட நிக்குமா, குற்றம் வரைக்கும் போகுமா, அதுதான் இப்ப கேள்வி. திருட்டுன்னு தெரிஞ்சே வாங்கினீங்களான்னு கேப்பாங்க. தெரியலன்னா, சந்தேகம் வந்தும் கேக்காம வாங்கினீங்களான்னு கேப்பாங்க. என்ன விலைக்குக் குடுத்தான்?"

"சந்தை விலைல பத்துல ஒரு பங்கு கம்மி. வீடு மாறுறேன், அவசரமாப் பணம் வேணும்னாரு."

"ம்ம். பேரம்னு நாம சொல்லலாம், எச்சரிக்கைன்னு அவங்க சொல்லலாம். அந்த நேரத்துல உங்க மனசுல என்ன இருந்துச்சுங்கிறதுதான் எல்லாமே. நடந்தத அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்க."

அவன் எழுதினான். "ஏசி சர்வீஸுக்குப் போனேன். அவர் காயின் இருக்கு, தரேன் என்றார். வாங்கினேன்." அவ்வளவுதான்.

இன்று யோசித்தால், இந்தக் கதையின் ஆகச் சிறந்த வடிவம் அதுதான். ஆனால் வக்கீலம்மா, "இன்னும் விவரமா வேணும்" என்று திருப்பி அனுப்ப, தம்பி என்னிடம் ஓடிவந்தான். "உனக்குத்தான் எழுத வருமேக்கா."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

4

நான் எழுதிக்கொடுத்ததிலிருந்து:

[அவர் விலையைச் சொன்னார். நான் ஒரு நொடி தயங்கினேன். காதைச் சொறிந்துகொண்டேன். பிறகு சரி என்றேன்.]

நல்ல வரிகள்தான், இல்லையா? எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு மனிதன் யோசிக்காமல் சரி என்றால் கதையில் அவன் மரக்கட்டை. ஒரு நொடி தயங்க வைத்தால் உயிர் வந்துவிடும். காது என்னுடைய கற்பனையும் இல்லை. அவன் குழப்பத்தில் இடது காதைச் சொறிவது சின்ன வயசுப் பழக்கம். அவன் கையைப் பார்த்தே வீட்டில் என்ன உடைந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவேன்.

தம்பி படித்தான். "சூப்பர்க்கா, நேர்ல பாத்த மாதிரி இருக்கு" என்றான். வக்கீலம்மாவுக்கு அனுப்பினான். போன் எனக்கு வந்தது.

"நீங்க கதை எழுதுறவங்களா?"

"ஆமாங்க. படிச்சிருக்கீங்களா?" (எவ்வளவு ஆசை பாருங்கள்.)

"இப்பத்தான் படிச்சேன். நல்லவேளை, எனக்கு மட்டும் அனுப்பினீங்க. இந்தத் தயங்கினேன்ங்கிறது அவர் சொன்னதா, நீங்க சேத்ததா?"

நான் எழுதிய தாளை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தேன்.

"பொய் எழுதச் சொல்லலம்மா. தயங்கினார்னா தயங்கினார், அதுக்குத் தகுந்த மாதிரி நான் பேசிக்குவேன். ஆனா இந்த ஒரு நொடி யாரோடதுன்னு எனக்குத் தெரியணும். சந்தேகம் வந்துச்சு, ஆனாலும் கேக்கல, வாங்கிட்டார்னு இத வச்சே சொல்லிரலாம். அவர் மனச அவர்தான் சொல்லணும், நீங்க சொல்லக் கூடாது."

இத்தனை வருஷத்தில் எந்த விமர்சகரும் என் ஒரு வாக்கியத்தை இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

5

உடனே தம்பியைக் கூப்பிட்டேன். "டேய், நீ அப்பத் தயங்கினியா?"

"தயங்கலன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்."

"இருந்தேன்னா?"

"நீ எழுதினதப் படிச்சதுல இருந்து தயங்கின மாதிரியே ஞாபகம் வருது. காதச் சொறிஞ்சது, அவர் பாத்தது எல்லாம் வருது."

"அவர் பாத்தார்னு நான் எழுதவே இல்லையேடா."

"இல்லையா?"

நான் போட்ட விதையில் அவன் தண்ணீரும் ஊற்றி வளர்த்திருக்கிறான். வரியைக் காகிதத்தில் அடித்துவிட்டேன், நீங்கள் மேலே அடைப்புக்குள் பார்ப்பது அடித்த வரிதான். அவன் தலைக்குள் அடிக்க என்னிடம் பேனா இல்லை.

6

இந்த இடத்தில் இன்னொருவரை உள்ளே விட வேண்டும். இதுவரை அவருக்கு ஒரு நாற்காலிகூடப் போடவில்லை, தப்பு என்னுடையது. காயினைப் பறிகொடுத்தவர். ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்மணி என்று வக்கீலம்மா சொன்னார். நாள் முழுக்க அடுத்தவர் முழங்காலை மடக்கி நீட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய காயின். யாரோ கம்பெனி ஆள் மாதிரிப் பேசி ரகசிய எண்ணை வாங்கி, துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவரைத் தம்பியோடு காகிதத்தில் பேச வைத்துப் பார்த்தேன்.

"நான் தெரியாம வாங்கிட்டேன் மேடம்."

"தெரிஞ்சு வாங்கினா என்ன, தெரியாம வாங்கினா என்ன? என்னோடது எனக்கு வரணும்."

"என் வேன் போயிரும்."

"அதுக்கு நானா பொறுப்பு?"

அதற்கு மேல் ஓடவில்லை. இருவரும் சரியாகப் பேசுகிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பதில் சொல்ல வேண்டிய ஆள் எட்டாவது மாடியிலிருந்து இறங்கிப் போய்விட்டார், இங்கே பறிகொடுத்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் தம்பியின் அக்கா. ஆனால் எழுதும்போது என் பேனா அந்த அம்மா பக்கம்தான் சாய்கிறது. இதைத் தம்பியிடம் சொல்லவில்லை.

7

முடிவுகள்.

அ. தயங்கவே இல்லை என்கிறான், நம்புகிறார்கள். காயின் அந்த அம்மாவுக்குப் போகிறது. வேன் இல்லை, வழக்கும் இல்லை. பழைய ஸ்கூட்டரில் ஏணியைக் கட்டிக்கொண்டு

ஆ. தயங்கினேன் என்கிறான். என் வரியைச் சொல்லி மாட்டிக்கொள்கிறான். நான் இனிமேல் எழுதுவதையே

இ. எட்டாவது மாடிக்காரர் பிடிபடுகிறார். (சிரிக்காதீர்கள். நடக்கலாம்.)

மூன்றையும் பாதியில் விட்டிருக்கிறேன். ஏனென்றால் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. விசாரணை அலுவலகத்தின் தாழ்வாரத்தில் தம்பி உட்கார்ந்திருக்கிறான். வக்கீலம்மா யாரிடமோ பேசப் போயிருக்கிறார்.

"அக்கா, அடுத்து என்னைத்தான் கூப்பிடுவாங்க. உண்மையச் சொல்லு. நான் தயங்கினேனாக்கா?"

அவன் மனதில் என்ன இருந்தது என்று என்னிடம் கேட்கிறான். "இல்லடா" என்று ஒரு வார்த்தை போதும், அதை அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டு போவான். நான் எது சொன்னாலும் நம்புவான், எப்போதும் அப்படித்தான். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பயமாக இருந்தது. கடைசியில் வேறு கேள்வி கேட்டேன்.

"அந்த ஆள் விலை சொன்னப்ப உன் கை எங்கடா இருந்துச்சு?"

"கையா?"

"ஆமா. யோசிச்சுச் சொல்லு. நான் எழுதினத விடு."

அங்கே தாழ்வாரத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"மேல இருந்துச்சு. ஏணில நின்னுட்டிருந்தேன்க்கா. ஏசி கவர் ஒரு பக்கம் கழண்டு தொங்குது, ரெண்டு கையாலயும் தாங்கிட்டிருந்தேன். வாயில ஸ்க்ரூ."

"அப்ப காதை?"

"எந்தக் கையால சொறிவேன்? அய்யோ அக்கா, அது நீ எழுதினது!" சிரித்தான். எத்தனையோ நாளைக்கு அப்புறம் சிரித்தான். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் வரி பொய் என்று தெரிந்து நான் சந்தோஷப்பட்டது இதுவே முதல் தடவை.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவளுக்கு நிறுத்தத் தெரியுமா?

"வாயில ஸ்க்ரூவ வச்சுக்கிட்டு எப்படிடா சரின்னு சொன்ன?"

"அப்பச் சொல்லலியே. சும்மா ம்ம்னேன். வேலைய முடிச்சு, இறங்கி, கை கழுவப் போனேன். குழாயத் திறந்துட்டு நின்னப்பத்தான் அக்கா"

கதவு திறந்தது. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். போன் நின்றுவிட்டது.

8

[குழாயத் திறந்துட்டு நின்னப்பத்தான் அக்கா                    ]

அடைப்புக்குள் இடம் விட்டிருக்கிறேன். நிரப்ப என்னிடம் மூன்று வரி தயாராக இருக்கிறது, மூன்றும் நன்றாக வந்திருக்கின்றன. ஒன்றில் வேனின் நிறத்தைப் பற்றி யோசிக்கிறான். எழுதப் போவதில்லை. அவன் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவன் வாக்கியங்களை நான்தான் முடித்துவைக்கிறேன். இந்த ஒன்றை அவன் இப்போது உள்ளே உட்கார்ந்து, தானே முடித்துக்கொண்டிருக்கிறான்.

உங்களுக்கு இந்நேரம் ஒரு வரி தோன்றியிருக்கும். தோன்றட்டும், வைத்துக்கொள்ளுங்கள். அவன் வெளியே வந்தபிறகு எங்கேயாவது பார்த்தால், அவனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். வரி நன்றாக இருந்தால், அப்படித்தான் நடந்தது என்று நம்பிவிடுவான்.