ஒரு நாப் பாக்கி

ஏழு வருஷமாக ஒரு மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறார் தனிஸ்லாஸ். கேட்டால் சீக்வென்சர் என்பார். தாளத்தை வரிசையாக வைத்துவிட்டால் தானே திரும்பத் திரும்ப வாசிக்கும் பெட்டி. இந்த ஏழு வருஷத்தில் ஒரு வீடே கட்டியிருக்கலாம்.

மேல்தகட்டில், நாப் என்கிற திருகு குமிழ்களை மாட்டப் பன்னிரண்டு துளை. இடப்பக்கம் ஆறு இவருக்கு, வலப்பக்கம் ஆறு ராஜாங்கத்துக்கு. நடுவில் ஒரு சாண் வெற்றிடம். தபலா வாசிக்கிற ராஜாங்கம் முழங்கையை விரித்துத்தான் உட்காருவான். இருபது வருஷம் கல்யாணக் கச்சேரிகளில் பக்கத்தில் உட்கார்ந்து இடி வாங்கியவருக்குத் தெரியாதா? பிறகு ராஜாங்கம் மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டான். போகிறபோது பஸ் படியில் நின்றுகொண்டு, "மெஷின முடி மாப்ள, மறுநாளே வந்து நிக்கிறேன்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில்தான் மனுஷர் நாளை ஓட்டினார். வேலை முடியாததற்கும் அதுதான் காரணம். துளை கொஞ்சம் கோணல் என்று ஒரு தகடு வீணானது. நாப்புக்கு அடியில் சுற்றுகிற என்கோடரின் தண்டு தடிமன், வாங்கிய நாப்புக்குத் துளை சிறிசு, மறுபடி ஆர்டர். சாக்குப்போக்குக்கா பஞ்சம்? முடித்துவிட்டுக் கூப்பிட்டு, அவன் வரவில்லையென்றால்? அந்தப் பயம்தான் உள்ளுக்குள். பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஆள். குருசுக்குப்பத்து வீட்டில் பேச்சுத்துணைக்கு அந்தப் பெட்டியை விட்டால் சுவர்தான்.

இந்த ஞாயிறு பூசை முடிந்து வந்தவருக்கு எங்கிருந்து வேகம் வந்ததோ, மிச்சமிருந்த நான்கு என்கோடரையும் துளையில் நுழைத்து நட்டை முடுக்கினார். ஒவ்வொன்றிலும் நாப்பை மாட்டி, பக்கத்திலிருக்கும் குட்டித் திருகாணியை ஆலன் சாவியால் இறுக்கினார். கடைசி நாப்பைத் திருப்பினார். கடக் கடக் என்று சுற்றியது. ரேடியோ வால்யூம் போல இது ஓரிடத்தில் முட்டி நிற்காது, சுற்றிக்கொண்டே இருக்கலாம். சுவிட்சைப் போட்டதும் தாளம் கிளம்பியது. அடடா, எவ்வளவு சுத்தமாக வந்தது! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே போன் போட்டார்.

"டேய், நம்ம மெஷினு..."

"எந்த மெஷினு?" என்றான் ராஜாங்கம்.

தனிஸ்லாஸ் சுவிட்சை அணைத்துத் தாளத்தை நிறுத்தினார்.

"ஓ, அந்தப் பொட்டியா! இன்னுமா அதைக் கட்டிக்கிட்டு இருக்க? முடிச்சிட்டியா?" அவன் குரலில் சந்தோஷம் இல்லை. வரச் சொல்லிவிடுவானோ என்ற சங்கடம்தான் இருந்தது. "இங்க பேத்திய ஸ்கூலுக்கு நான்தான் கொண்டுபோய் வுடணும். முட்டி வலி வேற..."

"இல்லடா" என்றார் தனிஸ்லாஸ். "இன்னும் ஒரு நாப் பாக்கி."

"அப்படியா! அவசரப்படாத மாப்ள, பொறுமையா செய்யி. முடிஞ்சதும் சொல்லு, மறுநாளே வந்து நிக்கிறேன்." இப்போதுதான் அது பழைய ராஜாங்கத்தின் குரலாக இருந்தது.

போனை வைத்துவிட்டு ஆலன் சாவியை எடுத்தார். பூசையில் நற்கருணை அப்பம் வாங்கிய நாக்கு பொய் சொல்லலாமா? வலப்பக்கத்துக் கடைசி நாப்பின் திருகாணியைத் தளர்த்தி, நாப்பைக் கழற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.