டக்டக் மெசின்

கிடங்குகளுக்குள் பெற்றோல் மெசின் ஓட்டக்கூடாதாம், புகை கூடாதாம் என்று துறைமுகத்தில் புதுச் சட்டம் வந்தது. ஊரெல்லாம் ஷெல்லடித்துப் புகை எழும்பிக்கொண்டிருந்த காலம். இவர்களுக்கு என் மனுசன் தரை கழுவுகிற மெசினின் புகைதான் கண்ணுக்குப் பட்டிருக்கிறது.

மனேஜர் ஹெக்டர் கரண்டில் ஓடுகிற மெசின் ஒன்றை இறக்கினார். பொய் சொல்லக்கூடாது, நல்ல மெசின்தான். புகையும் இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் பிளக் இருந்தது ஒபிசில். அங்கிருந்து முற்றத்தைக் கடந்து கிடங்குவரை வயர் இழுக்க வேண்டும்.

முதல் நாளே வேலியோரக் காவலரண் நேவிக்காரர் பார்த்துவிட்டார்கள். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, என் முத்துலிங்கம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார்: "வயர் இழுக்கிறன்." அந்த நாளில் திருகோணமலையில் நிலத்தோடு வயர் இழுத்தால் அது கண்ணிவெடிக்குத்தான். போதாக்குறைக்கு அடையாள அட்டையில், இயக்கத்தின் பிடியிலிருந்த வெருகல் விலாசம். கிடங்கு கூட்டிக்கொண்டிருந்த நான் ஓடிப்போகையில் மனுசன் தலையில் கைவைத்து முழங்காலில் நின்றார். கொண்டுபோக ட்ரக் வருகிறதாம். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்தது குறைவு.

அது தரை கழுவுகிற மெசினுக்கான வயர் என்று ஹெக்டர் சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். அப்படியென்றால் ஓட்டிக் காட்டு என்றார்கள். சுவிச்சைப் போட்டால் கரண்ட் இல்லை. பாழாய்ப்போன கரண்ட், அந்த நேரம் பார்த்தா நிற்கவேண்டும்!

பழைய மெசினையாவது ஓட்டிக் காட்டுவோம் என்றேன். ஹெக்டர் சட்டம் என்று இழுத்தார்.

"சட்டம் கிடக்கட்டும் ஐயா. இவரைக் கொண்டுபோனா நாளைக்கு நீங்களே கழுவப்போறியள்?"

மூலையில் கிடந்ததை இழுத்து வந்தோம். அது இவருக்கு மட்டும்தான் அடங்கும். நேவிக்காரனின் துவக்கு முதுகில் முட்ட, கயிற்றை இரண்டு தரம் இழுத்து, பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினார். டக்... டக்டக்... டக் என்று வழக்கம்போல் விக்கி விக்கிப் பிடித்துக்கொண்டது.

மேலே காவலரணில் நின்றவன் எட்டிப் பார்த்தான். "ஆ, டக்டக் மல்லி!" என்று சிரித்தான். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

இரண்டு வருசமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவர்கள் காலைக் காவல் மாறினார்களாம். உள்ளே வேலை செய்கிறவனின் முகத்தை ஒருவரும் கண்டதில்லை. கீழே நின்றவனும் சிரித்துவிட்டான். ட்ரக் வெறுமையாகத் திரும்பியது. நான் முற்றத்திலேயே குந்தியிருந்து அழுதேன்.

அதன் பிறகு இவர் காலையில் வேலியடியில் பழைய மெசினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். மேலேயிருந்து கை காட்டினால்தான் வயரைத் தொடுவார்.

புகைச் சட்டம் பார்க்க வந்த அதிகாரி ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். புது மெசின் தந்த பிறகும் ஏன் இந்தப் பழசில் கழுவுகிறீர்கள் என்று என்னிடம் கேட்டார்.

"உது கழுவுறதுக்கில்லை ஐயா," என்றேன். "உதுதான் இவற்ற அடையாள அட்டை. அரசாங்கம் தந்ததை அண்டைக்கு ஒருத்தரும் நம்பேல்லை."